ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அணி மாறியவர்: 1925-இல் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1925 பிப்ரவரி 7, சனிக்கிழமை. லண்டனைச் சேர்ந்த க்ளாப்டன் ஓரியன்ட் கால்பந்து அணி, இங்கிலாந்து லீக்கின் இரண்டாவது தட்டான இரண்டாம் டிவிஷன் ஆட்டத்துக்காக மான்செஸ்டருக்கு ரயிலேறி வந்தது. அணியோடு வந்தவர்களில் ஒருவர் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்களத்தின் நடுவில் நின்று கோல் போடும் ஆள். ஆட்டம் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது அவரை எதிரணியான மான்செஸ்டர் யுனைடெட் விலைக்கு வாங்கியது. அன்றே யுனைடெட் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையில் கூடப் பயணம் செய்த தோழர்களுக்கு எதிராக ஆடினார். ஒரு கோலும் போட்டார். யுனைடெட் 4-2 என்று வென்றது.

கால்பந்து வினோதங்களின் தொகுப்புகளில் இந்தச் சம்பவத்துக்கு எப்போதும் ஒரு பத்தி கிடைக்கும். படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் அவருடைய ஆட்ட வாழ்க்கை எப்படிப் போனது என்று சேர்த்துப் பார்த்தால், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஒரு சாதாரண இங்கிலாந்து ஆட்டக்காரருடைய தொழில் எப்படி ஓடியது என்பது தெரியும். அவர் நாட்டுக்காக ஆடும் அளவுக்குப் பெரிய நட்சத்திரம் இல்லை. க்ளப் க்ளப்பாக மாறி மாறி ஆடியவர். லீக்கிலும் வெளியிலுமாக என் கணக்கில் 14 க்ளப்கள் வருகின்றன.

ஆட்டப் பதிவேடுகளில் அவர் பெயர் இருக்கிறது, தேடுவோருக்குக் கிடைத்துவிடும். இங்கே நான் பார்ப்பது ஆளை அல்ல, முறையை. அதனால் 'அந்த வீரர்' என்றே எழுதுகிறேன். மேனேஜர்களுக்கும் அப்படியே.

பின்னணி: அன்றைய விதிகள்

விதிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் மேலே சொன்னது வெறும் வேடிக்கையாகத்தான் தோன்றும்.

முதலில் சம்பளம். லீக் வீரர் ஒருவருக்கு எந்த க்ளப்பும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் தரக் கூடாது. 1920-இல் அந்த உச்சவரம்பு வாரம் 9 பவுண்டு. 1922-இல் அதையும் குறைத்தார்கள்: சீசன் நடக்கும் 37 வாரங்களுக்கு 8 பவுண்டு, கோடை விடுமுறையின் 15 வாரங்களுக்கு 6 பவுண்டு. ஆண்டு முழுவதும் உச்சச் சம்பளம் வாங்கினாலும் 386 பவுண்டுதான். வென்றால் 2 பவுண்டு, டிரா ஆனால் 1 பவுண்டு கூடுதல். ஆலைத் தொழிலாளியின் வாரக் கூலி 3 பவுண்டைச் சுற்றி இருந்த காலம் என்பதால் இது குறைந்த வருமானம் இல்லை. ஆனால் பெரும்பாலான வீரர்கள் அந்த உச்சவரம்பைத் தொடவே இல்லை. முப்பது வயதைத் தாண்டினால் வருமானம் எப்போது நிற்கும் என்பதும் தெரியாது.

இரண்டாவது, தக்கவைப்பு முறை. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு 'ரிட்டெய்ன்' என்ற சொல் புதிதல்ல. அன்றைய இங்கிலாந்தில் அதன் பொருள் இன்னும் கடுமையானது. ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்கு மட்டுமே. ஆனால் ஆண்டு முடிந்தாலும் வீரரின் பதிவு க்ளப்பின் கையில்தான் இருக்கும். ஒவ்வொரு மே மாதமும் க்ளப் ஒரு பட்டியல் போடும்: இவரை வைத்துக்கொள்கிறோம், இவரை இந்த விலைக்கு விற்கிறோம், இவரைச் சும்மா அனுப்புகிறோம். வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லப்பட்ட வீரர் கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளம் கிடையாது, ஆனாலும் லீக்கில் வேறு எந்த க்ளப்புக்கும் ஆட முடியாது. 1912-இல் ஒரு வீரர் ஆஸ்டன் வில்லா க்ளப் மீது வழக்குப் போட்டு இதை எதிர்த்தார். தோற்றார். வழக்குக்குப் பணம் போட்ட வீரர்கள் சங்கமே அந்தச் செலவில் தள்ளாடிப்போனது. அதற்குப் பிறகு ரொம்ப காலம் யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை.

மூன்றாவது, கைநிறையக் காசு பார்க்க இருந்த ஒரே முறையான வழி. 'பெனிஃபிட்' என்பார்கள். ஒரே க்ளப்பில் ஐந்து ஆண்டு ஆடியவருக்கு, க்ளப் மனது வைத்தால், 650 பவுண்டு வரை தரலாம். உரிமையாகக் கேட்க முடியாது. க்ளப் மாறும் வீரருக்கோ, கையெழுத்துப் பணம் என்று 10 பவுண்டு. அவரை விற்ற விலையில் பங்கு கேட்க வழியில்லை.

ஆக, ஓரிடத்தில் நிலைத்திருப்பவருக்குத்தான் பரிசு. ஆனால் நிலைத்திருப்பதா இல்லையா என்பதை முடிவு செய்வது வீரர் இல்லை. வீரரிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: விற்பனைக்குச் சம்மதம் சொல்லலாம், அல்லது மறுக்கலாம். அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது.

1925 பிப்ரவரிக்கு முன்

முதல் உலகப் போர் முடிந்து லீக் மீண்டும் தொடங்கியபோது, தெற்கு யார்க்‌ஷயரின் நிலக்கரிப் பகுதியில் இருந்த ராதர்ஹாம் கவுண்டி க்ளப் இரண்டாம் டிவிஷனுக்குள் வந்தது. அந்த வீரர் லீக் ஆட்டம் ஆடத் தொடங்கியது அங்கேதான். 1923-இல் அந்த க்ளப் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. இரண்டு ஆண்டு கழித்து ஊரின் இன்னொரு க்ளப்போடு இணைந்து ராதர்ஹாம் யுனைடெட் ஆனது.

அடுத்து நாட்ஸ் கவுண்டி. அது முதல் டிவிஷன். ஆனால் அங்கே அதிகம் ஆடக் கிடைக்கவில்லை. 1924-இல் லண்டனுக்கு, க்ளாப்டன் ஓரியன்ட்டுக்குப் போனார். அங்கே இடம் உறுதியானது, கோல்களும் விழுந்தன. இரண்டாம் டிவிஷனில் கோல் போடும் ஆள் என்ற பெயர் வந்ததும் மற்ற க்ளப்களின் கண் பட்டது.

அந்த நாள்: யாருக்கு என்ன தேவை

யுனைடெட்டின் நிலைமை புரிய இரண்டு எண்கள் போதும். அந்த 1924-25 சீசனின் 42 ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல்கள் வெறும் 23. போட்ட கோல்கள் 57. பின்களம் இரும்பு; முன்களம் சுமார். லெஸ்டர் சிட்டி, டெர்பி கவுண்டி இரண்டோடும் போட்டி போட்டுக்கொண்டு, முதல் இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்தால்தான் முதல் டிவிஷனுக்கு ஏற முடியும் என்ற நிலை. இந்த நேரத்தில், சில வாரங்களுக்கு முன்புதான் தங்களுக்கு அதிக கோல் போட்டுக்கொண்டிருந்தவரை பிரஸ்டன் க்ளப்புக்கு விற்றிருந்தார்கள். மார்ச் 16-க்குப் பிறகு வாங்கும் வீரரை லீக் ஆட்டத்தில் இறக்க விதிகள் இடம் தரவில்லை. ஆகவே அவசரம் அவர்களுடையது.

ஓரியன்ட்டின் கணக்கு வேறு. அவர்கள் மேலே ஏறும் போட்டியில் இல்லை. அந்த டிவிஷனில் நல்ல விலை வரும்போது வீரரை விற்று வரவு செலவைச் சரிக்கட்டுவது சாதாரண நடைமுறை. 1,070 பவுண்டு கிடைத்தது. எதிரணி அன்றைக்கே அந்த வீரரை இறக்கும் என்று தெரிந்தும் விற்றார்கள். அன்றைய இரண்டு புள்ளிகளைவிட (அப்போது வெற்றிக்கு இரண்டுதான்) அந்தப் பணம் பெரிதாகப் பட்டிருக்கிறது. வெளியூர் ஆட்டம், அதுவும் ஓல்ட் டிராஃபோர்டில். எப்படியும் தோற்கத்தான் போகிறோம் என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

விதிப்படி வேலை எளிது. இரண்டு க்ளப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும், வீரர் கையெழுத்திட வேண்டும், லீக் பதிவை ஏற்க வேண்டும். லீக் தலைமையகம் அப்போது பிரஸ்டனில், மான்செஸ்டரிலிருந்து அதிக தூரமில்லை. ஒப்புதல் அன்றே கிடைத்தது. ஆட்டத்துக்கு எத்தனை மணி நேரம் முன்னால் பதிவு முடிந்திருக்க வேண்டும் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தச் சந்துக்குள்தான் இந்த விற்பனை நுழைந்தது.

வீரரின் முடிவு

அவர் ஏன் சம்மதித்தார் என்று சொல்ல அவருடைய வாக்குமூலம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் யுனைடெட்டை விட்டு அவர் போன லண்டன் க்ளப்பான ஃபுல்ஹாமுக்குப் பிறகு அவர் ஆடிய க்ளப்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். ஹர்ஸ்ட் (மான்செஸ்டரை ஒட்டிய ஆஷ்டனில்), டார்வென், மான்செஸ்டர் சென்ட்ரல், பர்ஸ்கோ, ஹார்விச், நெல்சன். வேல்ஸ் கடற்கரையிலுள்ள ரில், வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல்ஸ், யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் இந்த மூன்றையும் விட்டால் எல்லாமே மான்செஸ்டரை ஒட்டிய லங்காஷயர் வட்டாரம். லண்டனில் ஆடினாலும் மனசு வடக்கேதான் இருந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. அப்படியென்றால் அந்த மதியம் அவருக்குக் கஷ்டமான முடிவாக இருந்திருக்காது.

பணக் கணக்கைப் பார்ப்போம். ஓரியன்ட்டுக்கு 1,070 பவுண்டு. அவருக்கு முறைப்படி 10 பவுண்டு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உச்சச் சம்பளமே வாங்குபவராக இருந்தாலும், அவருடைய விலை அவரது இரண்டே முக்கால் ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று தரப்பிலும் வலுவான கை அவருடையதுதான். வாங்குபவருக்கு அவசரம், விற்பவருக்குப் பணம் வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியது அவர். இன்றைக்கு ஒரு ஏஜென்ட் இருந்தால் அந்த மணி நேரத்தை என்ன விலைக்கு விற்றிருப்பார்! அன்று அதை விற்க வழியே இல்லை. உச்சவரம்புக்கு மேல் கொடுத்தால் க்ளப்புக்கே ஆபத்து. 1919-இல் போர்க்காலத்தில் வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்ததாக வந்த புகாரில், கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுத்த லீட்ஸ் சிட்டி க்ளப் லீக்கிலிருந்தே விலக்கப்பட்டது. அதன் வீரர்களை அக்டோபர் 17 அன்று லீட்ஸில் ஒரு ஹோட்டலில் வைத்து மற்ற க்ளப்களுக்கு ஏலம் விட்டார்கள். ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது, எல்லாருக்கும் நினைவிருக்கும். கையில் துருப்புச் சீட்டு இருந்தும் அதை இறக்க ஆட்டமே இல்லாத நிலை அவருடையது.

அதற்குப் பிறகு எட்டு மாதம்

யுனைடெட் எதிர்பார்த்தது நடந்தது. 57 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்து முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். அந்த வகையில் அவசரமாக வாங்கியது தவறான முடிவு இல்லை.

வீரரின் பக்கம் கதை அவ்வளவு நன்றாகப் போகவில்லை. மார்ச் மாதத்தில் யுனைடெட் அதே ஓரியன்ட்டிலிருந்து இன்னொரு முன்கள வீரரையும் வாங்கியது. அந்த இரண்டாமவர் அடுத்த சீசனில் க்ளப்பின் முக்கியமான கோல்காரர்களில் ஒருவர் ஆனார். நம் வீரர் யுனைடெட்டுக்கு மொத்தம் 18 ஆட்டங்கள், 5 கோல்கள். 1925 அக்டோபரில் ஃபுல்ஹாமுக்கு விற்கப்பட்டார். மறுபடி லண்டன், மறுபடி இரண்டாம் டிவிஷன்.

இடையில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1925 கோடையில் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினார்கள். அதுவரை பந்து வாங்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும்; இனி இருவர் போதும். முதல் டிவிஷனில் 1924-25-இல் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த சீசனில் 1,703. சென்டர் ஃபார்வர்டுகளுக்கு அடித்தது யோகம் என்று தோன்றும். உண்மையில் வேலையே மாறிவிட்டது. பின்களத்தார் மேலே ஏறி நின்று ஆஃப்சைடு வலை விரித்துக்கொண்டிருந்தபோது, அதைச் சமாளிக்கும் சாமர்த்தியம் பெரிதாக இருந்தது. இப்போது திறந்த இடத்தில் ஓடிப் பிடிக்கும் வேகம் பெரிதானது. க்ளப்கள் தங்கள் முன்களத்தைப் புதிதாக எடைபோட்டன. அந்த வீரர் விற்கப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புது விதி வந்து இரண்டே மாதத்தில் அவர் வெளியே போனார் என்பது காலண்டர் சொல்வது.

ஃபுல்ஹாம்

அந்தச் சீசனில் ஃபுல்ஹாம் லீக்கில் தடுமாறியது, ஆனால் தோற்றால் வெளியேற வேண்டிய எஃப்.ஏ. கோப்பைத் தொடரில் எவர்டன், லிவர்பூல், நாட்ஸ் கவுண்டி என்று மூன்று முதல் டிவிஷன் அணிகளைச் சாய்த்தது. காலிறுதியில் வந்த எதிரணி மான்செஸ்டர் யுனைடெட். ஃபுல்ஹாமின் சொந்த மைதானமான க்ரேவன் காட்டேஜில் 2-1 என்று யுனைடெட் வென்றது. ஒரே கோப்பைத் தொடரில் அவருடைய இரண்டு பழைய க்ளப்கள் எதிரே வந்திருக்கின்றன. பல க்ளப் பார்த்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்; எங்கே போனாலும் எதிர்ப்பக்கம் ஒரு தெரிந்த முகம் இருக்கும்.

லீக்குக்கு வெளியே, திரும்ப உள்ளே

ஃபுல்ஹாமுக்குப் பிறகுள்ள பட்டியலைப் படிப்பவர்கள் 'சரிவு' என்று சொல்லிவிடுவார்கள். பாதி சரிதான். வயது முப்பதை நெருங்கியிருந்தது. ஆனால் மற்ற பாதியையும் பார்க்க வேண்டும்.

லீக்கில் இல்லாத க்ளப்கள் தக்கவைப்பு முறைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. லீக் க்ளப் ஒன்று வீரருக்கு விலை போட்டுப் பட்டியலில் வைத்திருந்தாலும், வெளியே உள்ள க்ளப் அந்த விலையைத் தராமல் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். சம்பளம் குறைவு, கூட்டம் குறைவு. ஆனால் பக்கத்திலேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை ஆடலாம், வீட்டிலிருந்து போய் வரலாம். அன்றைய வீரர்கள் பலருக்கு முறைக்கு வெளியே இருந்த ஒரே கதவு இது. ஹார்விச்சில் அவர் ஆடிய க்ளப்பின் பெயரிலேயே ரயில்வே தொழிலாளர் கழகம் இருக்கிறது; ஊரே ரயில் எஞ்சின் பட்டறையை நம்பி இருந்தது. லங்காஷயரின் இந்தச் சிறு க்ளப்களுக்குப் பின்னால் ஆலையும் பட்டறையும் சுரங்கமும் இருந்தன.

பட்டியலில் மான்செஸ்டர் சென்ட்ரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1928-இல் தொடங்கிய க்ளப், பெல் வியூ பொழுதுபோக்குப் பூங்கா வளாகத்தில் ஆடியது. லீக்குக்குள் நுழைய வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். 1931 அக்டோபரில் விகன் பரோ க்ளப் பணமில்லாமல் சீசன் நடுவிலேயே விலகியபோது, மீதி ஆட்டங்களை நாங்கள் ஆடித் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தது. மான்செஸ்டரின் இரண்டு பெரிய க்ளப்களும் எதிர்த்தன. இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே சென்ட்ரல் மூடப்பட்டது.

நடுவில் அவர் லீக்குக்குத் திரும்பவும் செய்தார். ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட், ஹாலிஃபாக்ஸ் டவுன் இரண்டுமே மூன்றாம் டிவிஷன் வடக்கு. அங்கே ஒவ்வொரு சீசனும் கடைசி இரண்டு இடத்தில் முடிக்கும் க்ளப்கள், எங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற க்ளப்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். வீரருக்கு மட்டுமல்ல, க்ளப்புக்கே மே மாதம் பயம்தான். அவர் பட்டியலின் கடைசியில் வரும் நெல்சன் இதற்குச் சரியான உதாரணம்: 1923-இல் ஸ்பெயினுக்குப் போய் ரியல் மாட்ரிட்டை 4-2 என்று வென்ற க்ளப், 1931-இல் அந்த ஓட்டெடுப்பில் தோற்று லீக்கை விட்டே போனது.

எது வேறாக இருந்திருக்கலாம்

ஓரியன்ட்டின் முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விற்ற வீரர் அன்றைக்கு ஆடக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்களுக்கு இரண்டு அணிகளும் நேர்மையாக மோதுகின்றன என்ற நம்பிக்கை முக்கியம். அன்று யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த சென்டர் ஃபார்வர்ட் கோலுக்கு முன் தடுமாறி வாய்ப்பைத் தவறவிட்டிருந்தால் என்ன பேச்சு எழுந்திருக்கும்? அவர் கோல் போட்டது எல்லாரையும் காப்பாற்றியது என்றே சொல்லலாம்.

யுனைடெட், எட்டு மாதம் கழித்து தேவைப்படாத ஒருவரை வாங்கியது என்று பார்த்தால் வீண் செலவு. டிவிஷன் ஏறியதை வைத்துப் பார்த்தால் மலிவு.

வீரர்? அவர் மறுத்து லண்டனிலேயே இருந்து, ஓரியன்ட் ஐந்து ஆண்டு தக்கவைத்திருந்தால் பெனிஃபிட் பணம் வந்திருக்கலாம். ஆனால் அந்த 'தக்கவைத்திருந்தால்' அவர் கையில் இல்லை. 1919 முதல் 1925 வரை நான்கு லீக் க்ளப்கள் மாறியவருக்கு, ஐந்தாண்டுக் கணக்கு எங்கேயும் நிறையவே இல்லை. அவர் நிலையைப் பார்த்தால், அந்த மதியம் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சம்பள உச்சவரம்பு 1961 ஜனவரியில் ஒழிந்தது. அப்போது அது வாரம் 20 பவுண்டு. தக்கவைப்பு முறை நியாயமற்ற தொழில் தடை என்று நியூகாசில் வீரர் ஒருவரின் வழக்கில் 1963-இல் தீர்ப்பு வந்தது. 1912-இல் தோற்ற சங்கம்தான் அந்த வழக்கிலும் வீரருக்குப் பின்னால் நின்றது. 1907 டிசம்பரில் அந்தச் சங்கம் கூடித் தொடங்கிய இடமும் மான்செஸ்டர்தான்.